சேலத்துல பிசிக்ஸ் லேப் சாமான் வாங்க, ரிப்பேர் பண்ண நான் போற கடை – ஒரு நீள ரிவ்யூ

முடிவ முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பாதி பேரு கடைசி வரைக்கும் படிக்க மாட்டீங்க. பிளஸ் ஒன் பிளஸ் டூ பிசிக்ஸ் லேபுக்கு சேலம் டவுன்ல சாமான் வாங்கணும்னா, அதைவிட முக்கியமா பழசு ரிப்பேர் பண்ணணும்னா, இந்த கடைக்கு அஞ்சுக்கு நாலு தாராளமா குடுப்பேன். அந்த ஒண்ணு ஏன் குறையுதுன்னு கீழ சொல்லியிருக்கேன். கடை பேரு போடல, குறையும் சேர்த்து சொல்றதால பேரு வேணாம்னு விட்டுட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடந்தே போயிடலாம், மாடிப்படி ஏறணும், சேலத்துல பிசிக்ஸ் எடுக்குற யார கேட்டாலும் கைய காட்டுவாங்க.

நான் எடுக்குறது ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளில. இத ஏன் சொல்றேன்னா, நான் சாமான் வாங்கும்போது பாக்குறதே வேற. சாமான் பளபளன்னு இருக்கா, கேட்லாக்ல முதல் பக்கத்துல இருக்கா, இதெல்லாம் எனக்கு வேணாம், ஒரே நேரத்துல எத்தன புள்ளைங்க கை வைக்க முடியும், கை வெச்சா தாங்குமா, உடைஞ்சா இங்கயே சரி பண்ண முடியுமா, அவ்ளோதான். நெறய பள்ளிக்கூடத்துல நடக்குறது என்னன்னா ஒளிய நிறம் நிறமா பிரிச்சி கோணம் அளக்குற நல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒண்ணு பீரோல பூட்டி இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவ டீச்சர் வெளிய எடுத்து "பாருங்க, தொடாதீங்க"ன்னு காட்டுவாங்க, தைரியமான ரெண்டு புள்ள முன்னாடி நின்னு ரீடிங் எடுக்கும், மிச்சம் எல்லாம் அந்த ரீடிங்க பாத்து ரெக்கார்டுல எழுதிக்கும். பிராக்டிகலுக்கு 20 மார்க்கு, இன்டர்னல் 10, எழுத்து பரிட்சை 70. அந்த இருவதும் எப்படியோ வந்துடும்ங்கிற தைரியத்துல லேப் பக்கமே போகாம பிளஸ் டூ முடிக்கிற புள்ளைங்க எத்தனையோ. அப்புறம் இன்ஜினியரிங் போயி முதல் செமஸ்டர் லேப்ல அம்மீட்டர பேரலலா மாட்டி பொசுக்கும்.

சரி கடைக்கு வரேன். ஓனர் வயசானவர், அண்ணேன்னு தான் கூப்பிடுவேன், அவரு என்னை டீச்சரம்மாம்பாரு. கண்ணாடி அலமாரி ரெண்டு பக்கமும், நடுவுல ஒரு மர மேசை, அதுல எப்பவும் ஒரு சாமான் பிரிச்சி கிடக்கும். இந்த மேசைதான் கடையோட உயிரு. நீங்க என்ன கேட்டாலும் டப்பாவோட குடுக்க மாட்டாரு, மேசைல வெச்சி ஓட்டி பாத்துட்டு எடுத்துட்டு போங்கம்பாரு. ஒரு மீட்டர் கம்பிய வெச்சி ரெசிஸ்டன்ஸ் அளக்குற மீட்டர் பிரிட்ஜ் வாங்குனா கால்வனாமீட்டர் மாட்டி, ரெண்டு பக்கமும் ஒரே மதிப்பு ரெசிஸ்டன்ஸ் போட்டு, முள்ளு சைபர்ல நிக்குற பேலன்ஸ் 50 சென்டிமீட்டர் கிட்ட வருதான்னு பாக்க விடுவாரு. தள்ளி வந்தா "கம்பி ரெண்டு முனையிலயும் சரியா பிடிக்கலைங்க, வேற எடுங்க"ன்னு அவரே மாத்திடுவாரு. ஆன்லைன்ல வாங்குறப்ப இதெல்லாம் நடக்குமா? ஆன்லைன்ல ஒரு தடவ லென்ஸ் செட் வாங்கினோம், எந்த கம்பெனின்னு வேணாம், லேபிள்ல குவியத்தூரம் 20 சென்டிமீட்டர்னு ஒட்டியிருக்கு, ஜன்னலுக்கு வெளிய இருக்கிற வேப்பமரத்த சுவத்துல விழ வெச்சி ஸ்கேல் போட்டு பாத்தா ஒண்ணு பதினெட்டு சொச்சம் ஒண்ணு இருவத்திரெண்டு. புள்ளைங்க பாவம், சரியா எடுத்த ரீடிங்க அடிச்சிட்டு 20ன்னு திருத்தி எழுதுதுங்க. லேபிள நம்பாதீங்கடி, அளந்தத எழுதுங்கன்னு கத்த வேண்டியதா போச்சு. இந்த கடைல லென்ஸ் வாங்குறவங்க வாசல்ல போயி எதிர் கட்டடத்த பேப்பர்ல விழ வெச்சி பாத்து பொறுக்கி எடுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இப்ப ரிப்பேர் பத்தி. இந்த கடைக்கு நான் குடுக்குற நாலு ஸ்டார்ல ரெண்டு இதுக்கே போயிடும்.

எங்க ஸ்கூல்ல பழைய ஸ்பெக்ட்ரோமீட்டருங்க இருக்கு, நல்ல பித்தளை, கனம்னா கனம், ஆனா ஒண்ணுல கிராஸ் வயர், அதான் டெலஸ்கோப்புக்குள்ள குறி பாக்க இருக்கிற குறுக்கு நூல், அறுந்து போயி பல வருஷம். கிராஸ் வயர் இல்லாத டெலஸ்கோப்ப வெச்சி என்ன பண்ண, கோடு எங்க நிக்குதுன்னே சொல்ல முடியாது. வேற ஒரு இடத்துல கேட்டதுக்கு இத தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. இந்த அண்ணன் ஐபீஸ கழட்டி, உள்ள இருந்த சின்ன வளையத்த சாமணத்துல எடுத்து லைட்டுல காட்டினாரு, அதுல ஊசியால கீறின மாதிரி நாலு மெல்லிய காடி இருக்கு. அப்புறம் எழுந்து போயி பின்னாடி குடோன்ல இருந்து ஒரு சிலந்திய பேப்பர்ல ஏந்திட்டு வராரு! கம்பிய கவட்டை மாதிரி வளைச்சி வெச்சிருக்காரு, சிலந்திய லேசா தட்டி விட்டா அது நூல விட்டுக்கிட்டே கீழ இறங்குது, அந்த நூல கவட்டைல இழுத்து சுத்திக்கிட்டாரு. அப்புறம் மூச்ச அடக்கிக்கிட்டு வளையத்தோட காடில ஒரு நூல், அதுக்கு குறுக்க இன்னொரு நூல், நாலு முனையிலயும் ஒரு பொட்டு நெயில்பாலிஷ். ஆமா நெயில்பாலிஷ்தான், கல்லாப்பெட்டில வெச்சிருக்காரு, செவப்பு கலரு. அந்தக் காலத்துல தொலைநோக்கி, சர்வே கருவி எல்லாத்துக்குமே சிலந்தி நூல்தான் போட்டாங்களாம், அவ்ளோ மெல்லிசு, ஆனா இழுவைக்கு தாங்கும், கோணாம நிக்கும். சிலந்திய திரும்ப குடோன்லயே விட்டுட்டாரு. அத என் ஃபோன்ல வீடியோ எடுத்து கிளாஸ்ல காட்டினேன், அன்னிக்கு பூரா ஒரு புள்ள கூட தூங்கல.

அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் இப்ப எங்க லேப்ல இருக்கிறதிலயே நல்லா தெரியுறது. முதல்ல ஐபீஸ முன்ன பின்ன இழுத்து கிராஸ் வயர தெளிவாக்கணும், அப்புறம் டெலஸ்கோப்ப தூரத்து பொருளுக்கு திருப்பி ஃபோகஸ் பண்ணணும். எங்க மாடி ஜன்னல்ல இருந்து ஏற்காடு மலை தெரியும், அதான் எங்க தூரத்து பொருள். உள்ள மலை தலைகீழா தொங்கும். முதல் தடவ பாக்குற புள்ள கண்டிப்பா "மிஸ் ரிப்பேர் பண்ணவரு லென்ஸ தலைகீழா மாட்டிட்டாரு"ங்கும், வருஷா வருஷம் யாராவது ஒருத்தி சொல்லிடுவா. மழை பெஞ்சி விட்ட அடுத்த நாள் காலைல பாத்தா கோடு கோடா அவ்ளோ சுத்தமா இருக்கும், சித்திரைல புழுக்கத்துல மலையே அலையும், அதுக்கு ஃபோகஸ் பண்றது கஷ்டம்.

சோடியம் லாம்பும் இங்கதான் வாங்கினோம். ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியோட வரும், விலை கொஞ்சம் கடிக்கும். இத வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், போட்ட உடனே மஞ்சளா எரியாது, முதல்ல ரோஸ் கலந்த செவப்பா எரியும், உள்ள இருக்கிற நியான் வாயு அது, சோடியம் சூடாகி ஆவியான பிறகுதான் மஞ்சள் வரும், சில நிமிஷம் ஆகும். கெட்டுப்போச்சுன்னு நெனச்சி ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி போட்டீங்கன்னா லாம்புக்குத்தான் ஆயுசு குறையும். பீரியட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லேப் அக்காகிட்ட சொல்லி போட வெச்சிடுங்க. டார்க் ரூம்ல அந்த வெளிச்சத்துல புள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கும், ஏன்னா செவப்பு ரிப்பன் கறுப்பா தெரியும், பச்ச வளையல் சாம்பலா தெரியும், முகமெல்லாம் ஒரே மாதிரி. வர்ற வெளிச்சமே கிட்டத்தட்ட 5893 ஆங்ஸ்ட்ராம் அலைநீளம் ஒண்ணுதான், செவப்பு துணி எத திருப்பி அனுப்பும்? ரெண்டு கிளாஸ் எடுத்து புரிய வெக்குறது அங்க ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. உண்மைல அது 5890ம் 5896மா ரெண்டு கோடு, நம்ம பிரிசத்துல ரெண்டும் ஒட்டிக்கிட்டு தான் தெரியும், ரெண்டுக்கும் சராசரிதான் அந்த 5893.

கிரேட்டிங், அதான் வெளிச்சத்த நிறமா பிரிக்க நெருக்கமா கோடு போட்ட தகடு, இங்க வாங்கலாம், ஆனா பழைய ஸ்டாக்க தள்ளி விட பாப்பாங்க, வெளிச்சத்துல சாய்ச்சி பாருங்க, கைரேகை இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. துடைச்சிக்கலாம்னு சொல்லுவாங்க, துடைச்சா கோடுங்க போயிடும்.

டேன்ஜென்ட் கால்வனாமீட்டர், அதான் கம்பிச்சுருள் நடுவுல காந்த ஊசி வெச்ச கருவி, அதோட கதை தனி. புதுசா வாங்கி லேப்ல வெச்சா ஒவ்வொரு டேபிள்ல ஒவ்வொரு மதிப்பு வருது. நம்ம பக்கம் பூமி காந்தப்புலத்தோட கிடைமட்ட கூறு சுமாரா 4×10⁻⁵ டெஸ்லா, எங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் என்னென்னமோ வருது. சாமான் டூப்ளிகேட்டுன்னு சொல்ல ஃபோன் எடுத்தா அண்ணன் கேட்டாரு, "டேபிள் என்னங்க டீச்சரம்மா, இரும்பு ஃபிரேமா?" புது டேபிள் எல்லாமே இரும்பு ஃபிரேம்தான். மர ஸ்டூல் மேல வெச்சி, டேபிள விட்டு தள்ளி எடுத்து பாருங்கன்னாரு, பாத்தா ஓரளவு ஒத்து வந்துச்சு. ஆனா ஒரு குரூப்புக்கு மட்டும் ஊசி ஆடிக்கிட்டே இருக்கு. அந்த புள்ள குனிஞ்சி ரீடிங் பாக்குறப்ப ஊசி நகருது, நிமிர்ந்தா திரும்புது. அது நெத்திக்கு மேல குத்தியிருந்த ஹேர்பின்னு! துப்பட்டால சேஃப்டி பின்னு வேற. இப்ப அந்த எக்ஸ்பரிமென்ட் அன்னிக்கு வாசல்ல ஒரு டப்பா வெச்சிருக்கோம், பின்ன எல்லாம் கழட்டி போட்டுட்டுதான் உள்ள வரணும். கொலுசு பரவால்ல, வெள்ளிய காந்தம் கண்டுக்காது. ரீடிங்கு 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருக்கிற மாதிரி கரன்ட்ட வெச்சிக்குங்க, 45 கிட்ட இருந்தா இன்னும் நல்லது.

இதுல இருந்து கிளம்பி காந்தம் பக்கம் போயிட்டோம். ஒரு புள்ள சேலம் பக்கத்து கஞ்சமலை அடிவாரத்து ஊரு, மலைல இருந்து கருங்கல்லு மாதிரி ஒண்ணு கொண்டு வந்துச்சு, கைல எடுத்தா கனம் ஜாஸ்தி. இதே கடைல வாங்கின ரிங் மேக்னட் கிட்ட கொண்டு போனா டக்குன்னு ஒட்டுது. கஞ்சமலைல மேக்னடைட் இரும்புத்தாது இருக்குன்னு புவியியல் டீச்சர் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, கைல பாத்தா வர்ற சந்தோஷம் வேற. ரிங் மேக்னட் ரொம்ப மலிவு, கிளாஸ் பூராவுக்கும் வாங்கி வெச்சிக்குங்க.

இப்ப குறைக்கு வரேன். அண்ணன் இல்லாத நேரத்துல அவரோட கடைப்பையன் இருப்பாரு. டயோடு (கரன்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடுறது), ஜீனர், டிரான்சிஸ்டர் எக்ஸ்பரிமென்ட்டுக்கு சாமான் வேணும்னு கேட்டேன், அவரு ஒரு நீலக் கலர் பெட்டிய எடுத்து வெச்சாரு. மேல டயோடு படம் வரைஞ்சிருக்கு, உள்ள எல்லாமே மாட்டி மூடி ஸ்க்ரூ போட்டாச்சு, மீட்டரும் அதுலயே, நாலு வயர சொருகினா போதும், நாப திருப்பினா ரீடிங் வரும். எனக்கு உதிரியா வேணும் தம்பின்னேன். அவரு சொன்னாரு, "பொம்பள புள்ளைங்களுக்கு இது போதும்ங்க மேடம், அதுங்க எங்க சர்க்யூட் எல்லாம் போடப்போகுது, சேஃப்டியும் இருக்கு." பாய்ஸ் ஸ்கூல் சாருங்களுக்கு இதே பெட்டிய காட்டுறாரா தெரியாது, ஆனா அந்த "போதும்"ல எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. சேஃப்டியாம், டயோடுக்கு 1.5 வோல்ட்டு போதும் தம்பி, நாக்குல வெச்சா கூட ஒண்ணும் ஆவாதுன்னேன். அதுக்கு அப்புறம் "சார் யாரும் கூட வரலீங்களா, கனெக்‌ஷன் போட்டு காட்ட ஆள் அனுப்பட்டுங்களா"ன்னு வேற. அந்த ஒரு ஸ்டார் இங்கதான் போச்சு.

பெட்டிய நான் ஏன் வேணாங்கிறேன்னா, அதுல தப்பு பண்ணவே முடியாது. டயோட திருப்பி மாட்ட முடியாது, மாட்டினா என்ன ஆகும்னு தெரியவே தெரியாது. உதிரியா ஒரு 1என்4007 டயோட கைல குடுங்க, ஒரு முனைல வெள்ளிக்கோடு இருக்கும், அதுதான் கேத்தோடு. புள்ள திருப்பி மாட்டும், கரன்ட் வராது, மிஸ் மீட்டர் வேல செய்யலங்கும், நான் பேசாம நிப்பேன், பக்கத்துல இருக்கிறவ எட்டி பாத்து "ஏய் கோடு அந்தப்பக்கம் இருக்குடி"ம்பா. முடிஞ்சது, ரிவர்ஸ் பயாஸ் இனிமே மறக்காது. அப்புறம் வோல்டேஜ மெதுவா ஏத்துவாங்க, பாயின்ட் அஞ்சு வரைக்கும் ஒண்ணும் பெருசா இருக்காது, பாயின்ட் ஆறு தாண்டினதும் பாயின்ட் ஏழுக்குள்ள மீட்டர் முள்ளு விர்ருன்னு ஏறும், அப்ப வர்ற அந்த "ஐயோ மிஸ்!" இருக்கே. பெட்டிலயும் முள்ளு ஏறத்தான் செய்யும், ஆனா அது பெட்டி பண்ணின வேலைன்னு போயிடும், இது நான் போட்ட சர்க்யூட்டுன்னு இருக்காது.

அண்ணன் வந்ததும் பையன ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயி பிளாஸ்டிக் டப்பா டப்பாவா எடுத்து வெச்சாரு, டயோடு, ஜீனர், பிசி547 டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், பிரட் போர்டு, எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி விலைக்கு பத்து குரூப்புக்கு தேவையானது வந்துடுச்சு. லாஜிக் கேட் ஐ.சி.யும் (0, 1 கணக்கு போடுற சிப்பு) வாங்கினேன், 7400, 7402, 7404, 7408, 7432, 7486. டி மார்கன் தியரத்துக்கும் இதுங்களே போதும்.

ஐ.சி.க்கு பவர் சப்ளை பத்தி அவரு சொன்ன ஐடியாதான் இந்த ரிவ்யூல உங்களுக்கு காசு மிச்சம் பண்ணப்போற விஷயம். பேட்டரிக்கு பதிலா கரன்ட்ல சொருகுற பேட்டரி எலிமினேட்டர் மலிவா கிடைக்குதுன்னு வாங்காதீங்க, அதுல 6 வோல்ட்டுன்னு போட்டிருக்கும், லோடு இல்லாதப்ப அளந்தா அதுக்கு மேல காட்டும். இந்த ஐ.சி.ங்களுக்கு 5 வோல்ட்தான் வேணும், 7ஐ தாண்டினா போச்சு. "வீட்ல பழைய செல்ஃபோன் சார்ஜர் கிடக்கும்ங்க, எல்லாத்தையும் கொண்டு வர சொல்லுங்க, அது அஞ்சு வோல்ட்டு தான்"னாரு. கேபிளோட மறுமுனைய வெட்டி தோலுரிச்சா உள்ள செவப்பும் கறுப்பும் இருக்கும், செவப்பு பிளஸ், ஐ.சி.ல 14வது காலுக்கு, கறுப்பு 7வது காலுக்கு. சில மலிவு கேபிள்ல கலரே மாறி இருக்கும், அதனால மல்டிமீட்டர்ல ஒரு தடவ பாத்துட்டு கொடுங்க. ஸ்பீடு சார்ஜர் வேணாம், பழைய சாதா சார்ஜரே போதும். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு சப்ளை வந்துடுச்சு, செலவே இல்ல. விக்குறவரே வாங்காதீங்கன்னு சொல்ற கடை எத்தன இருக்கு சொல்லுங்க.

மல்டிமீட்டர் அந்த மஞ்சக் கலர் மலிவு ரகம்தான் வாங்கினேன், ஒண்ணு நல்லது வாங்குறதுக்கு பதிலா நெறய மலிவு. துல்லியம் சுமார்தான், பிளஸ் டூ லேபுக்கு போதும். வாங்கின அன்னிக்கே 10 ஆம்பியர் ஓட்டைல இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க, செவப்பு வயர அதுல சொருகிட்டு வோல்டேஜ் அளக்க போவாங்க, ஷார்ட் ஆகும். பேட்டரி 9 வோல்ட்டு சதுரம், ஆஃப் பண்ணாம வெச்சிட்டு போயிடுவாங்க, ஒரு வாரத்துல காலி, லேப் லீடருக்கு அந்த பொறுப்ப குடுத்துடுங்க.

சின்ன சின்ன சாமான்ல எனக்கு ரொம்ப பிடிச்சது பாக்கெட் தராசு, பாயின்ட் சைபர் ஒண்ணு கிராம் வரைக்கும் காட்டும். ஒன்பதாம் வகுப்புல பாய்மங்கள் பாடம் எடுக்குற டீச்சர் என்கிட்ட இருந்து வாங்கிட்டு போறாங்க, ஆர்க்கிமிடீசுக்கு. சேலத்துல ஆர்க்கிமிடீஸ் பாடத்துக்கு கிரீடம் எதுக்கு, கொலுசு இருக்கே! எங்க ஸ்கூல்ல நெறய புள்ளைங்க வீட்டுல கொலுசு வேலைதான், அம்மா அப்பா பட்டறைல இருப்பாங்க. டம்ளர்ல தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சி சைபர் பண்ணிட்டு, கொலுச நூல்ல கட்டி அடியில தொடாம தண்ணிக்குள்ள தொங்க விட்டா, தராசு காட்டுறதுதான் தண்ணில குறையுற எடை. சுத்த வெள்ளிக்கு அடர்த்தி 10.5, அப்ப 50 கிராம் கொலுசுன்னா 4.76 கிராம் குறையணும். அஞ்சு, அஞ்சே காலுன்னு குறைஞ்சா? செம்பு கலந்திருக்கலாம், செம்புக்கு ஒன்பதுக்கும் கொஞ்சம் கீழ. ஆனா உடனே கடைக்காரன திட்டாதீங்க, சலங்கை முத்து உள்ள வெத்து, காத்து நிக்கும், அதுவும் அடர்த்திய குறைச்சி காட்டும். இத நான் சொல்லல, பட்டறைக்காரர் மக ஒருத்திதான் சொன்னா, "மிஸ் முத்து உள்ள காத்து இருக்கு மிஸ், முக்கிட்டு நல்லா ஆட்டுங்க, குமிழி வரும்"னு. வந்துச்சு.

தெர்மாமீட்டர் பாதரசம் இல்லாத செவப்பு திரவ ரகமே வாங்கினேன், உடைஞ்சா பயமில்ல. மேல நூறு டிகிரி கிட்ட ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தப்பு காட்டுது, அதுக்கு குறை சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு அவ்ளோதான். தப்பு தெரிஞ்சா தப்ப கழிச்சிக்கலாம்னு சொல்லிக்குடுக்க அதுவே வசதி. ஏற்காடு டூர் போனப்ப ஒரே தெர்மாமீட்டர ரெண்டு இடத்துலயும் வெச்சி பாத்தோம். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1500 மீட்டர் கிட்ட. 300 மீட்டர் ஏறினா தண்ணி கொதிக்கிற சூடு சுமார் ஒரு டிகிரி குறையும், அப்ப நாலு டிகிரி வித்தியாசம் வரணும். இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதி புள்ளைங்க வாந்தி எடுத்து, மேல போயி சமையல் அண்ணன்கிட்ட கெஞ்சி அண்டால வெச்சி பாத்தோம், நாலு டிகிரி கீழதான் நின்னுச்சு, எவ்ளோ தீ வெச்சாலும் ஏறல. சமையல் அண்ணன் "அதான் இங்க பருப்பு வேகவே லேட்டாகுது"ன்னாரு. அவருக்கு தெரியாத பிசிக்ஸா.

கடை சுவத்துல ராமன், கலாம் படம் ரெண்டும் இருக்கு. அன்னா மணி படத்தையும் மாட்டுங்கண்ணேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். உங்க கடைக்கு அவங்கள விட பொருத்தமான ஆள் யாரு? 1918ல, இப்ப கேரளாவுல இருக்கிற பீருமேட்டுல பிறந்தவங்க, சென்னை மாநிலக் கல்லூரில பிசிக்ஸ் படிச்சாங்க, பெங்களூருல ராமன்கிட்ட வைரம், மாணிக்கக்கல் இதோட நிறமாலைய ஆராய்ச்சி பண்ணினாங்க, எம்.எஸ்சி. இல்லன்னு சொல்லி யுனிவர்சிட்டி டாக்டர் பட்டம் குடுக்கல. அப்புறம் வானிலைத் துறைல சேர்ந்து, வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டிருந்த கருவிங்கள இங்கயே செய்யணும்னு கிட்டத்தட்ட நூறு வானிலைக் கருவிக்கு வரைபடத்த தரப்படுத்தி குடுத்தாங்க. கருவி செஞ்சவங்க அவங்க, கருவி விக்குறவரு இவரு. பிரிண்ட் போட்டு குடுங்க மாட்டுறேன்னிருக்காரு. கடைப்பையன் கண்ணுல படுற மாதிரி கல்லாவுக்கு நேரா மாட்ட சொல்லணும்.

விலை பத்தி சொன்னா, ஆன்லைன விட கொஞ்சம் கூட இருக்கும், பெரிய சாமானுக்கு அது தெரியும். பேரம் பேசினா கொஞ்சம் குறைப்பாரு, மொத்தமா வாங்கினா இன்னும். ஆனா கெட்டுப்போனா தூக்கிட்டு ஓட ஒரு இடம் இருக்குங்கிறதுக்கு அந்த காச குடுக்கலாம். ரிப்பேர் கூலி ரொம்ப கம்மி, சில சமயம் கூச்சமா இருக்கு. ரிப்பேருக்கு நாள் சொல்றத மட்டும் நம்பாதீங்க, நாளைக்கின்னா அடுத்த வாரம். ரெண்டு தடவ ஃபோன் பண்ணினாத்தான் மேசைக்கே வரும். இதுக்கு இன்னொரு அரை ஸ்டார் குறைச்சிருக்கணும், சிலந்திக்காக விட்டுட்டேன்.

ஸ்கூலுக்கு வாங்குறவங்க ஜி.எஸ்.டி. பில்லு முன்னாடியே கேட்டுடுங்க, ஸ்கூல் பேர, எச்.எம். பதவிய சரியா எழுதிக்குடுங்க, இல்லன்னா பில்ல திருத்த திரும்ப அலையணும். கொட்டேஷன் கேட்டா லெட்டர்பேடுல குடுப்பாரு. ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி கனமானதுக்கு ஆட்டோ வெச்சிட்டு போங்க, பஸ்ல மடில வெச்சிட்டு வரலாம்னு நெனைக்காதீங்க, படிக்கட்டு வேற குறுகல். ஏற்காட்டுல இருக்கிற ஸ்கூல்காரங்களுக்கு மேல கொண்டு வந்து குடுக்கறதில்ல, கீழ வந்துதான் வாங்கணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அண்ணன் இருக்க மாட்டாரு, பையன்தான் இருப்பாரு, நீலப்பெட்டிய எடுத்து வெப்பாரு. காலைல பதினொன்னுக்கு மேல போங்க. ஜனவரி கடைசில போகாதீங்க, பிராக்டிகல் நெருங்குதுன்னு எல்லா ஸ்கூலும் அப்பத்தான் ஓடி வரும், சோடியம் லாம்பு ஸ்டாக்கே இருக்காது.